நிஸ்மியா ராத்தாவின் சின்னத் தலை

காத்தான்குடியில் வாவிக்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் ஒழுங்கைக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சி வந்தவள் நிஸ்மியா ராத்தா. குவைத்தில் பல வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு அவள் திரும்பியபோது, புருஷன் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்தக் கஞ்சிக் கிடாரம்தான். கஞ்சிக்குச் செலவு செய்கிற அசனார் ஹாஜியார், கல்யாணச் சமையலுக்கும் அவளையே சொல்லிவிடுவார். நோன்பு மாதத்தில் எடுத்த பெயரில் வருடம் முழுக்க அடுப்பெரியும்.

நோன்போடு காய்ச்சுவதால் உப்புப் பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்பார்கள். அவள் அதற்கும் சம்மதிக்கமாட்டாள். கை போட்டதைத் தலை நினைவில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாளும் பிசகியதில்லை.

அப்போதுதான் மூளை ஆராய்ச்சி என்று ஒரு கூட்டம் வந்தது. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து களைத்துத் திரும்பிய பெண்களின் மூளையைப் படம் பிடிக்கப் போகிறார்களாம். நல்ல காரியம்தானே என்று ராத்தாவும் போய் படம் பிடிக்கிற இயந்திரக் குழாய்க்குள் படுத்துவிட்டு வந்தாள். சில மாதம் கழித்து மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி முடிவைச் சொன்னார்கள். உத்தியோகம் பார்க்கிறவர்களோடு ஒப்பிட்டால், இந்தப் பெண்களுக்கு மூளையில் ஞாபகத்துக்குரிய பகுதி சிறிதாக இருக்கிறதாம். ஆராய்ச்சியை நடத்திய டொக்டர் நிருஷா இரக்கத்தோடுதான் சொன்னார். அந்த இரக்கத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றிலிருந்து ராத்தாவுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். கதவைப் பூட்டிவிட்டுப் போனவள் பாதி வழியில் திரும்பி வருவாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? அவள் பூட்டின் திறப்பைத் தேடினால், "குவைத்துல விட்டுட்டு வந்திட்டியா?" என்று கிண்டல்.

அடுத்த நோன்பில் ஒரு நாள், பின்னேரம் அசர் தொழுதுவிட்டு நான் அடுப்படிக்குப் போனேன். கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று அகப்பையை நிறுத்தினாள்.

"புள்ள, நான் உப்புப் போட்டனா?"

"தெரியாதே ராத்தா. நான் இப்பதானே வாறன்."

"போட்ட மாதிரித்தான் இரிக்கி. ஆனா என்ட ஞாபகத்த நம்பேலுமா?"

நம்பவில்லை. மறுபடியும் அள்ளிப் போட்டாள். மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டுக் கஞ்சியில் வாய் வைத்தவர்கள் எல்லோரும் துப்பினார்கள். பகல் முழுக்கத் தண்ணீர் படாத வாய்கள். ஹாஜியார் சத்தம் போடவில்லை.

"ஒனக்குச் சொகமில்ல மகள், நீ கொஞ்சம் வீட்ட இரு" என்றார்.

மறுநாள் கிடாரம் வேறொருத்தியிடம் போனது. கல்யாணச் சமையலும் அதோடு போயிற்று.

பெருநாள் முடிந்த பிறகு டொக்டர் நிருஷா வீடு தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன். கணக்கில் பிழையாம். ஒப்பிட்டுப் பார்த்த உத்தியோகக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். ஆண்களுக்குப் பொதுவாகத் தலை பெரிது. தலை பெரிதானால் உள்ளே இருக்கும் பகுதிகளும் பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும். தலையின் அளவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டார்கள். சேர்த்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லையாம். தொப்பி விற்கிறவன்கூட ஆளின் தலையைப் பார்த்துத்தான் தொப்பியை எடுப்பான். மறந்தவர்கள் இவர்கள், ஞாபகம் குறைந்தவள் என்று பெயர் எடுத்தவள் ராத்தா!

"உங்கட மூளையில ஒரு குறையும் இல்ல அம்மா. நாங்க அறிக்கையையும் திருத்திட்டம்" என்றார் டொக்டர்.

ராத்தா கேட்டாள்.

"அப்ப நான் முதல் போட்ட உப்பு போட்டதுதான், என்ன?"

"எந்த உப்பு அம்மா?"

ராத்தா எழுந்தாள். வந்தவருக்குத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். கரண்டிச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"புள்ள, இதுல நான் சீனி போட்டுட்டனா எண்டு ஒருக்காக் குடிச்சுப் பாரு."