கரியோடு கிடந்த ஆணி

யாழ்ப்பாணத் தீவகத்துச் சரவணைக் கிராமத்தில் பௌதிகம் படிப்பித்த கனகேந்திரன், ஊமல் என்னும் காய்ந்த பனங்கொட்டை ஓட்டைச் சுட்டு, மின் கடத்தும் கரித்தூள் செய்தான். அதற்குள் இலத்திரன்கள் எப்படி ஓடுகின்றன என்று காந்தப் பரிவுக் கருவியில் அளக்க, 2003இல் போர்நிறுத்தத்தால் பாதை திறந்திருந்தபோது அதைப் போத்தலில் அடைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனான்.

மெல்லிய கோடு விழவேண்டிய திரையில் இரும்பின் பெரிய மேடு எழுந்தது. போத்தலைக் கவிழ்த்தான். துருப்பிடித்த ஆணியொன்று விழுந்தது.

மனைவி வசந்தமலர் தொலைபேசியில் சொன்னாள்: “வழிக்குக் காவலாக் கரி கொண்டுபோறியள் எண்டு நினைச்சன். கரியோட இரும்பும் இல்லாட்டில் பேய் அண்டாதோ? நான்தான் போட்டுவிட்டனான்.”

“சீ! பௌதிக வாத்தியின்ர வீட்டிலயே இந்தக் கூத்து!” என்று காறித் துப்பினான்.

திரும்பும் வழியில் ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடி நெருங்கியது. எறியாமல் வைத்திருந்த அந்த ஆணியைச் சட்டைப்பைக்குள் அவன் விரல்கள் இறுகப் பிடித்திருந்தன.