திங்கள், புதன், வெள்ளி

பெர்னார்ட் அங்கிளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத எனக்கும் ஆசைதான். அவர் இடம் கொடுக்க வேண்டுமே. லிங்கராஜபுரத்தில் எங்கள் காம்பவுண்டில் மூன்று வீடுகள். கீழே ஒன்றில் அவர், எதிர்வீட்டில் கோவிந்தப்பாவும் அவர் மனைவி பாஞ்சாலியும், மாடியில் நான். கேட்டைச் சத்தமாகச் சாத்தினால் திட்டுவார், சாத்தாமல் போனாலும் திட்டுவார். ஜெபத்தை ரொம்ப இழுக்கிறீர்கள் என்று பங்குச் சாமியாருக்கே முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர்.

அவர் மனைவி மௌரீன் ஆன்ட்டி இருந்தவரை இந்த வாய்க்கு ஒரு பூட்டு இருந்தது. ஆன்ட்டிக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலையில் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து அங்கிள்தான் கூட்டிப் போவார். நாலு வருஷம் இப்படியே ஓடியது. போன தவக்காலத்தில் ஆன்ட்டி இறந்துபோனார்.

அதன்பிறகு மனுஷனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மற்ற நாட்களை எப்படியோ தள்ளிவிடுவார். அந்த மூன்று நாள் வந்தால்தான் வம்பு. விடிந்ததும் குளித்து, சட்டை மாட்டி, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிடுவார். கேட்டைத் தாண்டிய பிறகுதான் பின்சீட்டில் ஆள் இல்லை என்று உறைக்கும். வீடு திரும்ப மனம் வராமல் ஹெண்ணூர், பாணஸ்வாடி என்று சுற்றுவார். ஒருநாள் ஆஸ்பத்திரிக்கே போய் டோக்கன் வரிசையில் நின்றுவிட்டாராம். அந்தக் கோபத்தை வந்து என் பூந்தொட்டிகள் மேல் காட்டினார். எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் கோவிந்தப்பாவுக்கும் அதே வியாதி என்று தெரிந்தது. லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறவர், இன்னும் ஐம்பது ஆகவில்லை. இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போய்விட்டு வந்தார். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது "பேடா, பேடா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லக்கூட, பயம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். ஆயுசு முழுக்க இனி இதுதான் என்று டாக்டர் சொன்னது அவரை ஊசியைவிட அதிகமாகக் குத்திவிட்டது. போகாவிட்டால் உயிர் தங்காது. பாஞ்சாலி மாடிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் போய் அங்கிள் வாசலில் நின்றேன்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு அங்கிள்."

"நான் எதுக்கு சொல்லணும்? அந்த எடத்துலேர்ந்து இப்பதான் வெளிய வந்திருக்கேன். போம்மா."

கதவைச் சாத்திவிட்டார். இந்த மனுஷனோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினாரோ என்று ஆன்ட்டியை நினைத்துக்கொண்டே படியேறினேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலியின் தம்பி ரவிக்குமார் அடுகோடியிலிருந்து வந்தார். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு வருவார்களா? ஒரு குலை இளநீர் கொண்டுவந்தார். சூடு தணியும், தெம்பு வரும் என்று அவரே சீவி, ஸ்ட்ரா போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமாவின் கையில் கொடுத்தார். கோவிந்தப்பா ஆசையோடு வாய்க்குக் கொண்டுபோனார். சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த அங்கிள் பாய்ந்துவந்து ஒரே தட்டாகத் தட்டிவிட்டார். இளநீர் தரையெல்லாம் ஓடியது.

ரவிக்குமார் அவர் காலரைப் பிடித்துவிட்டார். "பெரியவர்னு பாக்கறேன். சீக்காளி கையில இருக்கறத தட்டி விடறீங்களே, மனுஷனா நீங்க?"

"கிட்னி போனவனுக்கு எளனி விஷம்பா. அதுல இருக்கற பொட்டாசியம் நெஞ்சயே நிறுத்திடும். இவன் டயாலிசிஸும் போகாம படுத்திருக்கான். தட்டாம என்ன பண்றது?"

ரவிக்குமாரின் பிடி தளர்ந்தது. பாஞ்சாலி மிச்ச இளநீரையெல்லாம் காலால் தூரத் தள்ளினாள். அங்கிள் வீட்டுக்குள் போயிருக்கலாம். போகாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மௌரீன் நாலு வருஷமா கேட்டா. சிக்னல்ல நிக்கறப்போ எளனி வண்டியவே பாத்துட்டு இருப்பா. ஒரே ஒரு வாய்னு கெஞ்சுவா. குடுக்கல. தண்ணியக்கூட அளந்துதான் குடுத்தேன், அதுக்கும் திட்டிக்கிட்டே. கடைசியில அவ போயிட்டா. அந்த ஒரு வாய குடுத்திருக்கலாமேன்னு தெனம் தோணுது."

"அவ்ளோ பண்ணியும் போயிட்டாங்க இல்ல?" என்றார் கோவிந்தப்பா. "அப்ப நான் மட்டும் எதுக்குண்ணா போவணும்?"

அங்கிளைப் பேசவைக்க நினைத்தவள் நான்தான். இப்போது அவர் பேச்சே இவரைக் கட்டிலோடு போட்டுவிடும் போலிருந்தது.

"நாலு வருஷம் இருந்தாளேப்பா," என்றார் அங்கிள். "டயாலிசிஸ் இல்லன்னா ஒரு மாசங்கூட தாங்காதுன்னு சொன்னாங்க. மக சிந்தியா கல்யாணத்துக்கு முன்வரிசையில உக்காந்தா. பேரன மடியில வாங்கினா. தெனம் எங்கூட சண்ட போட்டா. அந்த நாலு வருஷம் எனக்கு இல்லாமப் போயிருந்தா..."

கோவிந்தப்பாவுக்காகத்தான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார். ஆன்ட்டியைப் புதைத்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. விடிந்ததும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. "ஏறு. கெட்டியா புடிச்சுக்க, சட்டைய மட்டும் கசக்காத," என்று அங்கிள் குரல். கோவிந்தப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாஞ்சாலியும் நானும் பின்னாலேயே ஆட்டோ பிடித்துப் போனோம்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கிள் வார்டில் சண்டையை ஆரம்பித்திருந்தார். ஏசிக்கு நேர்க்கீழே படுக்கவைத்தால் ஆள் நடுங்கிப்போவான், ஓரத்துக் கட்டிலைக் கொடு என்று நர்ஸ் கேரலிடம் மல்லுக்கு நின்றார். மாதக்கணக்காக அவர் திட்டைக் கேட்காமல் இருந்த அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கட்டிலை மாற்றிக் கொடுத்தாள்.

ஊசியைப் பார்த்ததும் கோவிந்தப்பா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எத்தன நாளைக்குண்ணா எங்கூட இப்படி வருவீங்க?"

"எனக்கு வேற என்ன வேல இருக்கு?" என்று எரிந்து விழுந்தார் அங்கிள். பிறகு ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ இரு. நீ இருக்கற வரைக்கும் நான் வரேன்."

கோவிந்தப்பா கையை வெளியே எடுத்து நீட்டினார்.