நின்றபடி குறை சொன்ன ஞாயிற்றுக்கிழமை

சூடான சைலன்சரில் ஈரத்துணி பட்டால் ஒரு வாசனை வருமே… பாதி இஸ்திரிப் பெட்டி, பாதி தீய்ந்த எண்ணெய். பெங்களூர் மர்பி டவுன் டீக்கடை வாசலில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்களுக்கு அதுதான் சாம்பிராணி.

இது நடந்து பதினைந்து வருஷம் இருக்கும். பழைய பைக்குகளை வாங்கி, வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் ஆக்குகிற பன்னிரண்டு பைத்தியங்கள் அங்கே கூடுவோம். அதில் அடியேனுக்குப் புகழ்ச்சி இலாகா. யார் வண்டி புதிதாக வந்தாலும் முதல் வர்ணனை என்னுடையது. அதைக் கேட்க அல்சூர் ஏரி மீன்கள் கரையேறி வந்ததாக வரலாறு உண்டு. (வரலாற்றை எழுதியவனும் நானே.)

குறை சொல்வதற்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது. பாராட்டை நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கும்படி சொல்லலாம். குறையென்றால் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வண்டிக்காரரின் காதுக்கு மட்டும் சொல்ல வேண்டும். அதுவும் அவர் முதலில் குந்தினால்தான். அவர் நின்றுகொண்டே இருந்தால், இன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

ஒருவர் ஒருமுறை நின்றபடி, எல்லார் முன்னாலும், "இந்த கலர் நல்லா இல்ல குரு" என்றார். அவ்வளவுதான். ஆறு மாதம் அவர் பக்கம் டீ கிளாஸ்கூட நகரவில்லை. மனிதர் வண்டியை விற்றுவிட்டுக் கார் வாங்கிவிட்டார். எங்கள் அகராதியில் அது துறவறம்.

அப்படி ஒரு ஞாயிறு எங்களில் ஒருவனான ஆரோக்கியம் தன் புது வண்டியோடு வந்தான். கோலார் தங்கவயல்காரன். சுரங்கத்தில் பாறை பிளந்த பரம்பரை, உள்ளங்கை ஒவ்வொன்றும் ஒரு முறம். எட்டு மாதம் தன் கையாலேயே வேலை பார்த்து, மாட்டுக்கொம்பு மாதிரி உயர்ந்த ஹேண்டில்பார் மாட்டியிருந்தான். பின்னால் மனைவி ஸ்டெல்லா, முன்னால் டேங்க் மேல் நாலு வயது மகள். அப்படியே ஹைவேயைப் பிடித்துத் தங்கவயலுக்கு, மாமியார் வீட்டுக்குப் பயணம்.

நான் எழுந்து தொண்டையைச் செருமினேன். "மச்சா, இந்த ஹேண்டில புடிச்சிக்கினு கைய நீட்னா, மேல போற ஏரோபிளேன் பைலட்டுக்கு ஷேக்ஹேண்ட் குடுக்கலாம்டா!"

ஒரே சிரிப்பு. அவ்வளவு பெரிய உருவம் வெட்கப்பட்டு டீயைக் கீழே சிந்தியது.

டீ முடிந்து மூவரும் ஏறினார்கள். வண்டியைக் கிளப்பினான். குறுகலான தெரு. காலால் உந்தித் திருப்பிக்கொண்டே ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்தான். எஞ்சின் திடீரென்று அலறியது. அவன் கெத்து காட்டுகிறான் என்று எல்லாரும் கைதட்டினார்கள். அவனும் ஒரு நொடி முழித்துவிட்டுச் சிரித்தான்.

நான் அவன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கை ஆக்சிலேட்டரிலேயே இல்லை. மகளின் குல்லாவைச் சரிசெய்துகொண்டிருந்தது.

ஹேண்டிலை உயர்த்தியவன் ஆக்சிலேட்டர் கேபிளை நீளமாக மாற்றவில்லை. திருப்பினால் கேபிள் இழுபடும், வண்டி தானாக வேகம் எடுக்கும். இப்போது கியரில் இல்லை, சரி. ஹைவேயில் இடது பக்கம் வளைந்து திரும்பும்போது? எதிரே ஒரு லாரி வந்தால்? டேங்க் மேல் அந்தக் குழந்தை…

"ஆரோக்கியம்… ஒரு நிமிஷம் எறங்கி குந்தேன்." எலிக்குஞ்சுக்குக்கூட அதைவிடக் கனமான குரல்.

"டைம் ஆச்சி மச்சா. வந்து குந்தறேன்."

எங்களில் மூத்தவர் பாஷா பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அரே மியா, மொத நாளு. பொண்டாட்டி வேற பின்னாடி கீறா. அடுத்த வாரம் சொல்லு."

அடுத்த வாரமா! வாயைத் திறந்தால் அந்த முறம் என் கன்னத்தில் இறங்கும். மூடிக்கொண்டால்… அதை நினைக்கவே முடியவில்லை.

ஓடிப்போய் முன்சக்கரத்தை இரண்டு காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றேன். ஆமாம், நின்றேன்.

"வண்டி தப்பு ஆரோக்கியம். எறங்கு."

அவன் முகம் கறுத்தது. "இன்னாடா சொன்ன? எல்லாருக்கும் முன்னாடி? கொழந்த முன்னாடி?"

நான் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஸ்டெல்லாதான் முதலில் இறங்கினாள். குழந்தையையும் தூக்கிக்கொண்டாள். "அண்ணன் கைய பாருங்க, எப்டி நடுங்குது. தமாஷ் பண்றவரு கை இப்டியா நடுங்கும்?"

அவன் இறங்கினான். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினான். எஞ்சின் அலறியது. நேராக்கினான், அடங்கியது. மறுபடி திருப்பினான். மறுபடி அலறியது. மூன்றாவது தடவை அவன் திருப்பவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு மகளைப் பார்த்தபடியே நின்றான்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள்.

அடுத்த மூன்று ஞாயிறு என் பக்கம் டீ கிளாஸ் வரவில்லை. சட்டம் சட்டம்தான். நாலாவது வாரம் ஆரோக்கியம் வந்தான். என் முன்னால் வண்டியைக் கிளப்பி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துக் காட்டினான். சத்தம் மாறவே இல்லை. டீக்கடைக்குள் போய் ஒரு கிளாஸை எடுத்துவந்து என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது நாங்கள் வாட்ஸ்அப் குரூப். நானூறு பேர். யார் போட்டோ போட்டாலும் அரை நிமிஷத்தில் "குப்பை", "காயலான் கடை" என்று வந்து குவிகிறது. யாருக்கும் பயமில்லை. யாரும் வண்டி பக்கம் வருவதும் இல்லை.

போன வாரம் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு தம்பி தன் புது வண்டியைப் போட்டிருந்தார். பின்சக்கரம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு வரி டைப் செய்தேன், அழித்தேன். கடைசியில் தனி மெசேஜில், "வீடு எங்க தம்பி? ஞாயித்துக்கெழம வந்து வண்டிய பாக்கட்டா?" என்று மட்டும் அனுப்பினேன்.

நீல டிக் இரண்டும் விழுந்துவிட்டன. பதில் இன்னும் வரவில்லை…