அண்ணன் வழி சொன்ன மலை

கல்லூரி விடுமுறைக்குத் தென்காசி வந்திருந்த என் மகள், மடிக்கணினியில் ஏதோ விளையாட்டை ஓடவிட்டுவிட்டுத் தலை துவட்டப் போயிருந்தாள். நாற்காலியில் கிடந்த ஈரத் துண்டின் வாடை ஒரு பக்கம். கணினியிலிருந்து, பாறையில் காற்று மோதும் ஓசை ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து வந்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். அதே மலை. முதுகில் வாளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அதே பெண்.

"இது பழைய விளையாட்டுல்லா?"

"புதுசு பண்ணி விட்டிருக்காங்கப்பா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, அதனால் சொல்கிறேன். மலை உச்சியில் ஓர் அரக்கன் காற்றைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறான். கீழே ஊரில் இலை அசைவதில்லை. காற்றை விடுவிக்க ஒரு பெண் மலை ஏறுகிறாள். கதை அவ்வளவுதான். சாரல் காலத்தில் கொடியில் போட்ட வேட்டி அடுத்த வீட்டுக் கூரைக்குப் போய்விடும் குற்றாலத்தில் பிறந்தவனுக்கு, காற்றே இல்லாத ஊர் என்பதுதான் அந்தக் கதையின் மிகப் பெரிய கற்பனை.

அப்போது எங்கள் வீடு குற்றாலத்தில் இருந்தது. நான் தினமும் பேருந்தில் தென்காசிக்கு வந்து ஒரு காப்பீட்டு முகவரிடம் எழுத்தராக வேலை பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பன் ஒருவன் தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் தன் பழைய விளையாட்டுப் பெட்டியை என் தலையில் கட்டியிருந்தான். திருமணம் ஆகாத எழுத்தருக்கு மாலையில் அரக்கர்களை வெட்டுவதைத் தவிர வேறென்ன வேலை?

நல்ல விளையாட்டு, அதில் சந்தேகமில்லை. அந்த வாளுக்குக் கனம் இருந்தது. ஓங்கினால் அவள் தோள் சாய்வது தெரியும். அரக்கர்கள் வீண் வசனம் பேசமாட்டார்கள். ஏறி முடித்து ஒரு மேட்டில் நின்று பார்த்தால், கடந்து வந்த பள்ளத்தாக்கு முழுவதும் கீழே கிடக்கும். யாரும் வந்து "இங்கே போ" என்று சொல்ல மாட்டார்கள்.

எரிச்சல்களுக்கும் குறைவில்லை. விளிம்பில் நின்று தாவப்போகும் நேரம் பார்த்துக் காட்சி தானாகத் திரும்பிப் பாறைச் சுவரைக் காட்டும். கண்ணை மூடிக்கொண்டு குதிக்க வேண்டியதுதான். விழுந்தால் எங்கோ கீழே உள்ள விளக்குத் தூணிலிருந்து மறுபடி ஏற வேண்டும், ஏனென்றால் அந்தத் தூண்களில் மட்டுமே ஆட்டத்தைச் சேமிக்க முடியும். அதுவும் ஒரே ஓர் ஆட்டத்தை. வேறொருவர் ஆடினால் நம்முடையது அழிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரைபடம் கிடையாது. மேசையில் பேனா ஒரு விரற்கடை தள்ளி இருந்தாலே தூக்கம் வராத எனக்கு, வரைபடம் இல்லாத மலை பெரிய சித்திரவதை.

அண்ணன் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வளைகுடாவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்திருந்தான். அங்கே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. பின்னறையில் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான். திருநெல்வேலி மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை, அம்மா நீட்டினால் வாங்கி விழுங்குவான். விசாரிக்க வந்தவர்களிடம் அம்மா, "அலைச்சல்ல களைச்சிப்போயி கெடக்கான்" என்பாள். அருவி விழும் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு, வந்த நாளிலிருந்து அவன் ஒருமுறைகூட அருவிக்குப் போகவில்லை.

ஒரு மாலை நான் ஒரு பிளவின் முன்னால் சிக்கிக்கொண்டு வந்த வழியிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"எடப்பக்கம் ஒரு பாலம் கெடந்துது. அதைத் தாண்டித்தானல வந்தே?"

திரும்பினேன். அண்ணன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். மாதக்கணக்கில் கேட்காத குரல். அடுக்களையில் அம்மா தேங்காய் துருவுவது நின்றுபோயிற்று. நான் கெட்டிக்காரத்தனமாக வியப்பைக் காட்டாமல், "எங்கன?" என்று மட்டும் கேட்டேன். அவன் வந்து பாயில் உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து அவன்தான் வரைபடம். பொத்தான்கள் வைத்த ஆட்டப் பிடியை ஒருநாளும் கையில் வாங்கவில்லை. வழி மட்டும் சொல்வான். காட்சி சுவரைக் காட்டும்போதும், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"மெதுவாப் போ. ஒனக்கு ஆபீஸ்ல இப்படித்தான் கண்ணு தெரியாதோ?"

"நீ வந்து ஆடேன்."

"நான் சொல்லுதேன், நீ விழு. அதான் சரியா இருக்கும்."

மெல்ல மெல்ல வழியோடு வேறு பேச்சும் வந்தது. ஒரு குகையில் நான் முட்டிக்கொண்டிருந்தபோது சொன்னான்: "அங்கனயும் இப்படித்தாம்ல. பாஸ்போர்ட்டை வாங்கி வச்சிக்கிட்டான். எந்தப் பக்கம் திரும்புனாலும் செவரு." நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் நிறுத்திவிடுவான் என்று பயம். அம்மாவும் அரிசி புடைப்பதுபோல வாசலருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அரிசியில் கல்லே இல்லை.

உச்சி நெருங்கியபோது அவனாகவே ஒன்று சொன்னான். "இந்தக் காத்தைத் தெறந்து விட்டுட்டு, மறுநா காலைல அருவிக்குப் போவோம்." அன்று அம்மா எனக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தாள். விளையாடத்தான் தெம்பு வேண்டும் என்றாள்.

கடைசித் தூணில் சேமித்தோம். மேலே அரக்கன் மட்டும்தான் மிச்சம். அதற்குள் சாரல் முன்னதாகவே இறங்கிவிட்டது.

சீசனில் எங்கள் ஊர்ப் பக்கம் பலரும் செய்வதை நாங்களும் செய்தோம்: முன்னறையைக் குளிக்க வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் பின்னறையில் ஒடுங்கிக்கொள்வது. தொலைக்காட்சியும் விளையாட்டுப் பெட்டியும் முன்னறையோடு சேர்த்தி. அதில் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வருகிறவர்களுக்கு எதுவும் மிச்சமாக இருக்கக் கூடாது. தலையணை உறை, பாய், பாதி தேய்ந்த சோப்பு எல்லாம் புதிதாக மாற்றப்படும். பானையில் முந்தைய நாள் தண்ணீர்கூட நிற்கக் கூடாது.

அந்த முறை வந்தவர்கள் விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள். நல்ல பிள்ளைகள், கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள். நான் அலுவலகத்தில் இருந்தேன். அண்ணன் பின்னறையில் உறங்கிக்கொண்டிருந்தான். நடந்ததை அம்மாவே பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அம்மா, இதுல யாரோ ஏற்கெனவே விளையாடி வச்சிருக்காங்க. நாங்க ஆடுனா அழிஞ்சிரும். பரவாயில்லையா?"

"அழிச்சிட்டுப் புதுசா ஆடுங்க தம்பி. அடுத்தவங்க ஆடுன மிச்சம் ஒங்களுக்கு எதுக்கு?"

அவள் ஆட்டத்தைக் கேட்டிருந்தாளே தவிர, நாங்கள் ஏறியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் சேமித்துக் கிடக்கிறது என்று அறிந்ததில்லை. அரக்கன் அடுத்த முறை போனாலும் அங்கேயேதான் நிற்பான் என்று நினைத்திருக்கிறாள். மாணவர்கள் கிளம்பிப்போன பிறகு பெட்டியைப் போட்டோம். அந்தப் பெண் மலையடியில், முதல் தூணருகே நின்றாள்.

"திரும்ப ஆரம்பிப்போம்ணே, சீக்கிரம் ஏறிரலாம்" என்றேன்.

"வேண்டாம்ல. இப்ப ஒனக்கே வழி தெரியும்."

எழுந்து பின்னறைக்குப் போனான். அருவிக்குப் போகும் பேச்சு அதோடு நின்றது. மற்றப் பேச்சும்தான். மறுநாள் நான் மட்டும் தனியாக ஆடிப் பார்த்தேன், வேண்டுமென்றே தவறான பக்கம் திரும்பித் திரும்பி. நிலைப்படியில் யாரும் வந்து நிற்கவில்லை. அம்மா மட்டும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அண்ணன் தேறி வரச் சில ஆண்டுகள் பிடித்தன. மாத்திரை மாறியது, மருத்துவர் மாறினார். இப்போது சுரண்டையில் மின்சாமான் கடை வைத்திருக்கிறான். வாடிக்கையாளர் காது புளிக்கப் பேசுகிறான் என்று அண்ணியே குறைசொல்கிறாள். குற்றாலத்து வீடு விற்கப்பட்டு, அங்கே தங்கும் விடுதி வந்துவிட்டது.

கடைசி நாட்களில் அம்மா தென்காசியில் என் வீட்டில் படுத்திருந்தாள். அண்ணன் ஞாயிறுதோறும் வருவான். ஒரு ஞாயிறு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பல வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"ஏய்யா, அதை அழிக்கச் சொன்னது நாந்தாம்யா. மனசுல வச்சிக்கிடாத."

"எதைம்மா?"

"அந்த வெளையாட்டை. நீ வழி சொல்லுவியே."

அண்ணன் போர்வையை இழுத்துவிட்டான். "எந்த வெளையாட்டு? சும்மா கண்டதையும் நெனைக்காம ஒறங்கு."

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு கையை விட்டாள். அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் காலத்து மாத்திரைகள் அவன் நினைவில் பலவற்றைத் துடைத்துவிட்டது உண்மை. அம்மாவைச் சமாதானப்படுத்த அப்படிச் சொல்லியிருக்கவும் கூடும். வாசலில் அவன் வண்டியைக் கிளப்பும்போது கேட்டிருக்கலாம். எந்தப் பதில் வந்தாலும் எனக்குத் தாங்காது என்று விட்டுவிட்டேன்.

அம்மா போய்விட்டாள். அந்த மாலைகளில் அண்ணன் பேசியதைக் கேட்டவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். மனத்துக்குள் அடிக்கடி சொல்லிப் பார்க்கிறேன். வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் சில காலமாக அவை அவன் குரலில் கேட்பதில்லை. என் குரலில்தான் கேட்கின்றன.