இடது பக்கம் திரும்பும் கார்

வடக்கனந்தல் வீரமுத்து ரேடியோ மெக்கானிக். எண்பத்தாறில் மெட்ராஸிலிருந்து நான்கு வீடியோ கேம் பெட்டிகளைக் கொண்டுவந்து, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை போட்டான். ஒரு வருஷம் கடைக்குள் நிற்க இடமில்லை. பிறகு ஊருக்குள் படம் பார்க்க வாடகை வீடியோ டெக் வந்தது. பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று யாரோ மனு எழுதினார்கள். போலீஸ்காரர் ஒருவர் தினமும் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். அதுவே போதுமாக இருந்தது. மூன்று பெட்டிகளின் படக்குழாய்களை டிவி ரிப்பேர்க்காரர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். மரக்கூடுகளில் கோழிகள் அடைந்தன.

மிஞ்சியது கார் பெட்டி. எண்பத்தொன்பதில் அதை ஜீப் மேல் கட்டி வெள்ளிமலைக்கு ஏற்றினான். டீக்கடை ராசு பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தான். மலையில் டெக் கிடையாது, டிவி சரியாக எடுக்காது. சந்தைக்கு வருகிறவர்களும் பஸ் டிரைவர்களும் விளையாடினார்கள். பெட்டி பிழைத்துக்கொண்டது.

காசு போடாதபோது பெட்டி தானாகவே ஓட்டிக் காட்டும். சிவப்புக் கார் மலைச்சாலையில் இறங்கி வரும். சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடது பக்கம் திரும்பும். அங்கே குறுக்கே ஒரு மரம் கிடக்கும். கார் மோதி எரியும். மறுபடி மலையிலிருந்து இறங்கும். சிப்பில் எழுதி வைத்த ஓட்டம் அது. யார் கையாலும் மாறாது.

ஒரு சந்தை நாளில் ஆயம்மாள் சாமை விற்ற கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். காசு போடவில்லை. காரைத் திருப்பும் குச்சியைப் பிடித்தாள். சாலை பிரியும் இடத்தில் அதை வலது பக்கம் இழுத்தாள். கார் இடது பக்கம் போய் எரிந்தது. நான்கு முறை இழுத்தாள், நான்கு முறையும் எரிந்தது. தான்தான் ஓட்டுகிறோம் என்று நினைத்துவிட்டாள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. வீரமுத்து சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான். அன்றும் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் முன்கையில் குத்தியிருந்த தேள் பச்சை கண்ணில் பட்டது. அந்தக் கையை அவன் பார்த்திருக்கிறான்.

இரண்டு வருஷத்துக்கு முன், இட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல். வடக்கனந்தலைத் தாண்டிச் சாலை பிரியும் இடத்தில், வலது பக்கச் சாலையில் ஒரு புளியமரத்தைச் சாய்த்திருந்தார்கள். உச்சி வேளை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், வீரமுத்துவோடு இரண்டு பேர்தான் காவல். மலையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. பின்னால் கம்பளி சுற்றிய ஓர் ஆள். அவன் தலையைத் தாங்கியிருந்த கையில் தேள். படுதா மறைத்ததால் முகம் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு என்று டிரைவர் கெஞ்சினான். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தால் மரத்தை நகர்த்தியிருக்கலாம். கூப்பிட்டால் என்ன பேச்சு வருமோ என்று வீரமுத்துவுக்குப் பயம். இடது பக்கம் கையைக் காட்டினான்.

“ஏரிக்கரையாண்ட போங்க. வழி இருக்கு.”

அங்கேயும் ஒரு பனை கிடந்தது. காலையில் அதைச் சாய்க்கக் கயிறு கொண்டுபோனவனே அவன்தான். ஜீப் போனால் போதும் என்று இருந்தது.

ஆயம்மாளின் புருஷன் சின்னதுரை மறியல் வாரத்தில் ஏரிக்கரையிலேயே செத்துப்போய்விட்டான் என்று ராசுதான் சொன்னான். வீரமுத்து வேறு எதுவும் கேட்கவில்லை.

அவள் தினமும் வந்தாள். வலது பக்கம் இழுத்தாள். கார் எரிந்தது. உன் கைக்கும் காருக்கும் சம்பந்தமில்லை என்ற ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்தான்.

“இன்னாடா, காசு போடாத கிராக்கிய நிக்கவெச்சிக்கினு காசு போடறவன வெளிய நிறுத்தறே” என்றான் ராசு. “பேசாம பொட்டிய அதுக்கே எழுதிக் குடுத்துடு.”

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் கரண்டு குறைந்தது. பல்பு வெறும் இழையாக எரிந்தது. திரையின் படம் நாலாபுறமும் சுருங்கியது. அறையில் அவர்கள் இருவர்தான். ஆயம்மாள் குச்சியை வலது பக்கம் இழுத்தாள்.

கார் வலது பக்கம் திரும்பியது.

காசு போட்டு ஆடுகிறவர்கள் போகும் வலது சாலை அவனுக்குத் தெரியும். தென்னையும் பெட்ரோல் பங்க்கும் வரும். இது அதுவல்ல. இரண்டு பக்கமும் கரும்பு. மரம் எதுவும் குறுக்கே கிடக்கவில்லை. பெட்டியிலிருந்து சத்தம் வரவில்லை. கார் போய்க்கொண்டே இருந்தது, புள்ளியாகித் தெரியாமல் போகும்வரை.

அவள் குச்சியை விட்டாள். திரையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

“இந்தாண்டதாங்க வழி இருந்துச்சு.”

கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான். தூசியும் ஒரு செத்த பல்லியும் இருந்தன. சிப்பில் பழுதில்லை. கரண்டு ஏறியதும் கார் இடது பக்கம் போய் எரிந்தது.

ஆயம்மாள் அதன்பிறகு உள்ளே வரவில்லை. சந்தையில் உப்பு வாங்குவாள். எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவாள், எல்லோருக்கும் விடுவதுபோல.

படக்குழாய்க்கு ஆள் வந்தது. ராசுவும் கொடுத்துவிடச் சொன்னான். வீரமுத்து கொடுக்கவில்லை. காலையில் கதவைப் பாதி சாத்தி, காசு போடாமல் குச்சியைப் பிடித்து நிற்கிறான். கார் மலையிலிருந்து இறங்குகிறது. சாலை பிரியும் இடத்தில் மணிக்கட்டு வலிக்க வலது பக்கம் இழுக்கிறான்.

கார் இடது பக்கம் திரும்புகிறது.