ஷாமளா டீச்சரின் முகப்பலகை

என் தங்கை ஷாமளா மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், உலு திராமில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. எங்கள் வீட்டில் டிப்ளோமா வாங்கிய முதல் ஆள் அவள்தான். நான் பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, மூவாரில் நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். அவள் பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மாலையில் ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறிப் போய்ப் படித்தாள். டிப்ளோமா வாங்கிய அன்று எடுத்த படம் என் கைப்பேசியில் இருக்கிறது. கேட்காதவர்களிடமும் எடுத்துக் காட்டுவேன்.

எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுப்பதோடு அவள் வேலை முடிவதில்லை. மனதுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்து அதை வாய்விட்டுச் சொல்லவும், சொன்ன பிறகு அதைச் சமாளிக்கவும் பிள்ளைகளைப் பழக்குகிறாள். முதலில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது.

"கோபம் வந்தா கோபம்னு தெரியாதா? இதுக்குப் போய் ஒரு பாடமா?"

"உனக்கே தெரியாது அண்ணே. மாமா வீட்டுக் கல்யாணத்துல பந்தி லேட்டாச்சுன்னு நாற்காலிய உதைச்சியே, அது கோபமா, பசியா?"

அவள் தன் வகுப்புக்குக் கேட்ட முகப்பலகையைச் செய்து கொடுத்தேன். நல்ல பிளைவுட்டில் நான்கு முகங்கள் வெட்டினேன். மஞ்சள் சிரிக்கும், நீலம் கவலைப்படும், பச்சை பயப்படும், சிவப்பு கோபப்படும். சிறு பிள்ளைகளின் விரல் படும் இடம் என்பதால் ஓரங்களை மூன்று வகை சாண்ட்பேப்பரால் தேய்த்து, என் கன்னத்தில் உரசிப் பார்த்த பிறகுதான் சாயம் அடித்தேன். குட்டைப் பிள்ளைக்கும் எட்டும்படி கதவுக்குப் பக்கத்தில் தாழ்வாக மாட்டினேன்.

காலையில் பிள்ளை உள்ளே வந்ததும் தன் பெயர் எழுதிய துணிக் கிளிப்பை எடுத்து ஏதாவது ஒரு முகத்தில் மாட்ட வேண்டும். ஷாமளா கீழே உட்கார்ந்து ஏன் என்று கேட்பாள். தெளிவாகச் சொன்ன பிள்ளைக்கு வகுப்பே கை தட்டும். பிறகு சிவப்பு என்றால் சூடான மைலோ பானத்தை ஊதிக் குடிப்பது போல மெல்ல மூச்சுவிட வேண்டும். நீலம் என்றால் டீச்சர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

இது நன்றாகவே வேலை செய்தது. மற்றவர்களைக் கடித்து வைக்கும் ஒரு பையன், "டீச்சர், எனக்குச் சிவப்பு வருது" என்று ஓடிவந்து சொல்ல ஆரம்பித்தான். பள்ளி வேன் ஓட்டும் ஐயாசாமி ஒரு நாள் லாரிக்காரனைத் திட்டியபோது பின்னாலிருந்து குரல் வந்ததாம்: "அங்கிள், உங்களுக்குச் சிவப்பு வந்துருச்சு. மைலோ ஊதுங்க லா."

லோஷினிக்கு ஆறு வயது. மாட்டிய கிளிப்புக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் நிற்கும் பிள்ளை. என்றாவது அவள் வாய் திறக்க வேண்டும் என்று ஷாமளா மாதக்கணக்காகக் காத்திருந்தாள். லோஷினியின் அம்மா யோகேஸ்வரி எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். விடியுமுன் கம்பெனி பஸ் வந்துவிடும். அவர் கிளம்பும்போதும் திரும்பும்போதும் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். பெரியம்மாதான் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுவார்.

போன ஆண்டு வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் பள்ளி விடுமுறை. சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கோ ஞாயிறு. அதனால் யோகேஸ்வரிக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளில் லோஷினிக்குப் பள்ளி இருந்தது. அன்று மட்டும் அவரே மகளைக் கொண்டுவந்து விடுவார்.

அப்படி ஒரு ஞாயிறு, எங்கள் தொழிற்சாலைக்கும் அன்றுதான் விடுமுறை என்பதால் பலகையில் ஆடிய கொக்கியைச் சரிசெய்யப் போயிருந்தேன். யோகேஸ்வரி நல்ல சுடிதார் போட்டு, மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுக் கூட்டி வந்தார். லோஷினி நேராக வந்து கிளிப்பைச் சிவப்பில் மாட்டினாள்.

ஷாமளா குனிந்தாள். "இன்னைக்குச் சிவப்பா கண்ணு? யார் மேல?"

"அம்மா மேல."

லோஷினி யோசிக்காமல் சொன்ன முதல் பதில் அது. ஷாமளாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கெட்டிக்காரி! எவ்வளவு தெளிவா சொன்ன!" என்றாள். வழக்கம்போல வகுப்பே கை தட்டியது.

வாசலில் நின்ற இன்னொரு அம்மா சிரித்தார். "அலமாக்! உன் மேலயே கோபமாம் யோகேஸ். வீட்டுல என்ன செஞ்ச?"

யோகேஸ்வரி சத்தம் போடவில்லை. உள்ளே வந்து, சிவப்பிலிருந்த கிளிப்பைக் கழற்றி மஞ்சளில் மாட்டினார். "தூக்கக் கலக்கம் டீச்சர். வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு ஷாமளா காரணம் கேட்டாள். லோஷினி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு அம்மா வீட்டுல இருக்காங்க. என்னை மட்டும் ஸ்கூலுக்கு அனுப்புறாங்க."

ஷாமளா வாசலுக்கு ஓடினாள். யாரும் இல்லை.

மதியம் அவளை நான்தான் காரில் அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனேன். யோகேஸ்வரி வேலைச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"அவளுக்கு உங்க கூட இருக்கணும். அதுதான் அந்தக் கோபம்" என்றாள் ஷாமளா.

"அது எனக்குத் தெரியாதா டீச்சர்? பெத்தவளுக்குத் தெரியாதா? அதுக்கு எல்லார் முன்னாலயும் கை தட்டணுமா?"

"தப்புதாங்க. அந்த நேரத்துல எனக்குத் தோணல."

"சரி, கோபம்னு சொல்லக் கத்துக்கொடுத்துட்டீங்க. சொன்னா நான் என்ன செய்யணும்? வேலைய விடவா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் எப்பவாவது வீட்டுல வச்சுக்கலாமே..."

"அடிக்கடி லீவு போட்டா அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுல கஷ்டப்படுவாள்னு போன மாசம் கூப்பிட்டுச் சொன்னது யாரு? நீங்கதானே?"

ஷாமளா என்னைப் பார்த்தாள். யோகேஸ்வரி காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம்.

மறுநாள் லோஷினி மஞ்சளில் மாட்டினாள். அதற்கு மறுநாளும் மஞ்சள்தான். ஏன் என்று கேட்டால், "சந்தோஷமா இருக்கேன் டீச்சர்" என்று பளிச்சென்று சொன்னாள். பிள்ளைகள் கை தட்டப் போனார்கள். ஷாமளா வேண்டாம் என்று தடுத்தாள். அன்றோடு கை தட்டுவது நின்றது.

ஒரு நாள் விளையாட்டு நேரத்தில் லோஷினி சறுக்குமரத்தின் கீழே தனியாக உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஈரமாக இருந்தது.

"இப்ப என்ன கலர் கண்ணு?"

"மஞ்சள்."

"அழுறியே மா?"

"இல்ல டீச்சர். முகம் கழுவினேன்."

ஷாமளா பக்கத்தில் உட்கார்ந்தாள். லோஷினி எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சிரித்துக் காட்டிவிட்டு ஓடிவிட்டாள். இதை என்னிடம் சொன்னபோது, "நான் படிச்சது எதுலயும் இதுக்கு வழி இல்ல அண்ணே" என்றாள் ஷாமளா. என் தங்கை அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு ஒரு ஞாயிறு நான் மறுபடி போயிருந்தேன். யோகேஸ்வரி வாசலில் நின்றார். லோஷினி கிளிப்பை மஞ்சளில் மாட்டிவிட்டு டீச்சரைப் பார்க்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தார். அந்த அம்மாவின் கண்ணும் ஈரமாக இருந்ததை நான் பார்த்தேன். ஷாமளாவும் பார்த்தாள். யோகேஸ்வரியும் அவளும் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த ஆண்டு விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. லோஷினியும் தொடக்கப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு முழுக்க அம்மாவோடு இருப்பாள் என்று நினைக்கிறேன். சிவப்பு வந்தால் இப்போது யாரிடமாவது சொல்கிறாளா என்று ஷாமளாவுக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை.

வாசலில் நடந்த கதை மற்ற பெற்றோர் காதுக்கும் போயிருந்தது. போன வாரம் ஷாமளா கைப்பேசியில் அழைத்தாள்.

"அண்ணே, மஞ்சள் முகத்த மட்டும் கொஞ்சம் பெரிசா செஞ்சு தரியா?"

"ஏன், உடைஞ்சிடுச்சா?"

"உடையல. எல்லாப் பிள்ளைங்களும் அதுலயே மாட்டுதுங்க. இடம் பத்தல."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. சரி என்று சொன்னேன். பலகை வெட்டியாகிவிட்டது. இன்று ஓரங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.