மழையில் ஊமையாகும் டிவி

போன ஞாயிறு மதியம் கூலிமில் என் வீட்டுப் பக்கம் நல்ல மழை. ஹாலில் அப்பா மலாய் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று, அவருக்குத் தெரியாமல் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டேன்.

வயதான மனிதரிடம் என்ன விளையாட்டு என்கிறீர்களா? விளையாட்டு இல்லை. அம்மா இறந்த பிறகு அப்பா என் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. சாப்பிட்டீர்களா என்றால் 'ம்'. தூங்கினீர்களா என்றால் 'ம்'. அழவும் இல்லை, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அவரைப் பேசவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி... சத்தமில்லாத டிவி.

முன்பு நாங்கள் குடியிருந்த திகாம் பத்து ஊர் வீட்டில் ஒரு பெட்டி டிவி இருந்தது. மழை பெய்தால் அதற்குச் சத்தம் போய்விடும். படம் மட்டும் பளிச்சென்று ஓடும். மழை விட்டதும் தானாகப் பேச ஆரம்பித்துவிடும். ஏன்? இன்றுவரை யாருக்கும் தெரியாது. சுங்கை பட்டாணியில் ஒரு ரிப்பேர் கடைக்கு அப்பா அதை இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனார். இரண்டு முறையும் நல்ல வெயில். கடையில் அது பாட்டுக்குப் பேசியது.

"மழ பேயறப்ப கொண்டாங்கண்ணே. அப்பதான் கண்டுபிடிக்க முடியும்லா" என்றார் கடைக்காரர்.

"மழையில நனைச்சுக்கிட்டா டிவிய கொண்டாருவாங்க?" என்று கேட்டுவிட்டு அப்பா திரும்பிவிட்டார். வைத்தியம் அத்தோடு சரி.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காலையில் மழை பிடித்தால் வேலை இல்லை, வீட்டில்தான் இருப்பார். இடி இடித்தால் டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். வெறும் மழை என்றால் அப்பாவின் ராஜ்ஜியம். ஊமையாகிவிட்ட மலாய் நாடகத்துக்கு அவரே குரல் கொடுப்பார். பங்களாவில் இருக்கும் 'டத்தின்' பட்டக்காரச் சீமாட்டி அசல் தோட்டத்துத் தமிழில் பேசுவாள்.

"ஏங்க, மீன்கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு நேத்து தட்ட தள்ளிவிட்டீங்களே, நல்லாவா இருக்கு?"

கோட்டு போட்ட அவள் புருஷன் பதில் சொல்வான்: "தப்புதான் புள்ள. கோவத்துல செஞ்சிட்டேன். இனிமே செய்யமாட்டேன்லா."

தட்டைத் தள்ளியவர் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒருநாளும் மன்னிப்புக் கேட்டவர் இல்லை. மழை நாளில் யாரோ ஒரு நடிகனின் வாயால் கேட்டுவிடுவார். அடுப்படியில் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

அப்பாவை இங்கே அழைத்து வந்தபோது அந்த டிவியைப் பழைய சாமான் லோரியில் ஏற்றிவிட்டது நான்தான். என் வீட்டுப் புது டிவிக்கு மழையும் ஒன்று, வெயிலும் ஒன்று. அதனால்தான் போன ஞாயிறு நானே அதன் வாயை அடைத்தேன்.

திரையில் ஓர் அம்மாள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினாள்.

"அந்தம்மா என்னப்பா சொல்லுது?" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டிவிட்டார்.

"சவுண்ட வைம்மா. உங்கம்மா சிரிப்பான்னுதான் அதெல்லாம் பேசுனது."

"நான் இருக்கேன்லப்பா..."

"நீதான் படத்த கெடுக்காதீங்கன்னு கத்துவியே."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலத்தான் சொன்னார்.

உண்மைதான். இவ்வளவு நேரம் உங்களிடம் மறைத்ததும் இதைத்தான். அப்போது எனக்குப் பதினைந்து வயது. அப்பாவின் தோட்டத்துப் பேச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று கூச்சம். "சும்மா இருங்கப்பா!" என்று எத்தனை மழைக்குக் கத்தியிருப்பேன்...

இப்போது சும்மா இருக்கிறார்.